பென்சில் உருவப்படம் எங்கே தவறுகிறது? அறிகுறி பார்த்துத் திருத்தும் வழிமுறை

கிராஃபைட் பென்சிலால் முகம் வரையப் பழகுவோரின் தாள்களைப் பல ஆண்டுகளாகத் திருத்திக் கொடுத்து வருகிறேன். வரைபவர் மாறுகிறார், வரையப்படும் முகமும் மாறுகிறது. குறைகள் மட்டும் ஏறத்தாழ ஒரு பத்துக்குள்ளேயே திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கண்ணில் படும் அறிகுறியின்படி இங்கே பிரித்திருக்கிறேன். ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவின்றிச் சரிசெய்யக்கூடிய காரணம் முதலில் வருகிறது. தாளையோ பல மணி நேர உழைப்பையோ இழக்க வைக்கும் காரணம் கடைசியில் வருகிறது. இந்த வரிசையை மாற்றாமல் சோதிக்க வேண்டும் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. குறை கண்ணுக்குத் தெரியும் இடம் ஒன்றாகவும், அது உண்மையில் இருக்கும் இடம் வேறொன்றாகவும் இருப்பதே இந்த வேலையில் வழக்கம். தெரிந்த இடத்தையே அழித்து அழித்துத் திருத்துவதால்தான் நல்ல படங்கள் வீணாகின்றன.

சோதனைகளுக்கு ஒரு சிறிய கண்ணாடி, மில்லிமீட்டர் அளவுள்ள ஸ்கேல், ஒரு ட்ரேசிங் தாள், கைப்பேசியின் கேமரா, பிசைந்து பயன்படுத்தும் மெத்தென்ற ரப்பர் ஆகியவை போதும்.

## கண், மூக்கு, வாய் எல்லாம் நன்றாக இருக்கின்றன. ஆனால் ஜாடை வரவில்லை

என்னிடம் வரும் தாள்களில் மிகுதியானவை இந்தக் குறையோடுதான் வருகின்றன. ஆகவே இதை விரிவாகவே சொல்கிறேன்.

### முதலில்: கண் பழகிப்போயிருக்கலாம்

ஒரே படத்தை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் அதிலுள்ள கோணல் கண்ணுக்குப் பழகிவிடும். படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். பிறகு படத்தையும் மாதிரிப் புகைப்படத்தையும் தலைகீழாக அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரு கண் மேலேறியிருப்பதும் தாடை ஒரு பக்கம் சரிந்திருப்பதும் அந்த நொடியிலேயே தெரிந்துவிடும். தெரிந்தால் அந்த இடத்தை ஸ்கேலால் அளந்து உறுதி செய்துகொண்டு திருத்துங்கள். எதுவும் தெரியவில்லை என்றால் அடுத்த சோதனைக்குச் செல்லுங்கள்.

### அடுத்து: மேசையில் தாளைக் கிடத்தி வரைந்தீர்களா?

தாள் மேசையில் படுத்திருக்கும்போது அதன் மேற்பகுதி கண்ணிலிருந்து தொலைவில் இருக்கிறது. அதனால் அது குறுகித் தெரிகிறது. அந்தக் குறுக்கத்தை ஈடுசெய்ய, நாம் அறியாமலேயே நெற்றியையும் தலையையும் நீட்டி வரைந்துவிடுகிறோம். படத்தைச் சுவரில் நிமிர்த்தி வைத்து 2 மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். முகம் மேல்நோக்கி இழுபட்டதுபோலத் தெரிந்தால் காரணம் இதுதான். பலகையைச் சாய்த்து, பார்வை தாளின் நடுவில் நேராக விழும்படி வைத்துக்கொண்டால் அடுத்த படத்தில் இந்தக் குறை வராது. இருக்கும் படத்தில் நிழலிடத் தொடங்கியிராவிட்டால் கோடுகளைத் திருத்தலாம். நிழலிட்டு முடித்துவிட்டால் விட்டுவிடுவதே நல்லது.

### பிறகு: உறுப்புகளுக்கு இடையே உள்ள வெற்றிடத்தை அளந்து பாருங்கள்

ஒருமுறை ஒரு மாணவர் தம் பாட்டியின் படத்தைக் கொண்டுவந்தார். இடது கண்ணை நான்கு முறை அழித்து வரைந்திருந்தார். அந்த இடத்தில் தாளின் நார் எழும்பி, தொட்டால் பஞ்சுபோல இருந்தது. கண்ணில்தான் தவறு என்று அவருக்கு ஐயமே இல்லை. ஸ்கேலை எடுத்து அளந்தபோது இரண்டு கண்களும் மிகச் சரியாக இருந்தன. மூக்கின் அடிக்கும் உதடுகள் சேரும் கோட்டுக்கும் இடையே இருந்த தூரம் மட்டும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தது. பாட்டிக்குப் பற்கள் விழுந்து மேலுதடு உள்வாங்கியிருந்தது. மாணவரோ பல்வரிசை உள்ள ஒருவரின் மேலுதட்டை வரைந்திருந்தார். வாயை 3 மில்லிமீட்டர் ஏற்றியதும், இந்த முறை யாரும் தொடாத அந்தக் கண்கள் பாட்டியின் கண்களாகிவிட்டன.

ஆகவே உறுப்புகளை அளப்பதற்கு முன் அவற்றுக்கு இடையே உள்ள தூரங்களை அளக்க வேண்டும். இரு கண்களின் உள்முனைகளுக்கு இடையே உள்ள தூரம் ஒரு கண்ணின் அகலத்தைவிடக் கூடுதலா குறைவா என்று பாருங்கள். புருவத்துக்கும் மேலிமைக்கும் இடையே எவ்வளவு, மூக்கின் அடிக்கும் உதட்டுக்கும் இடையே எவ்வளவு, உதட்டுக்கும் மோவாயின் நுனிக்கும் இடையே எவ்வளவு என்று மாதிரியிலும் படத்திலும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். உதட்டோரங்களிலிருந்து மேல்நோக்கிச் செங்குத்துக் கோடு ஓட்டினால் அது கருவிழியின் எந்த இடத்தைத் தொடுகிறது என்பதையும் குறியுங்கள். இந்த ஐந்தில் ஒன்று தவறினாலும் ஜாடை போய்விடும்.

உச்சிக்கும் மோவாய்க்கும் நடுவில் கண்கள், முகத்தின் குறுக்கே ஐந்து கண் அகலம், புருவத்துக்கும் மோவாய்க்கும் நடுவில் மூக்கின் அடி என்று கற்றுத்தரப்படும் கணக்குகள் சராசரிகள் மட்டுமே. ஒருவர் அந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறாரோ அதுவே அவருடைய ஜாடை. கணக்கை நம்பி வரைந்தால் யாருடையதும் அல்லாத ஓர் அழகிய முகம்தான் கிடைக்கும். ஆனால் ஒரு தவறைக் கண்டுபிடிக்க இந்தக் கணக்கு உதவும்: கண்கள் தலையின் மேல் மூன்றில் ஒரு பங்கில் ஏறியிருந்தால், மண்டையோட்டின் மேற்பகுதியை நீங்கள் வெட்டிவிட்டீர்கள் என்று பொருள். முடியின் பருமனைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதாலும் இது நேர்கிறது.

அளவு தவறியிருப்பது உறுதியானால் உடனே ரப்பரை எடுக்க வேண்டாம். தவறான உறுப்பை ட்ரேசிங் தாளில் படியெடுத்து, அந்தத் தாளைப் படத்தின்மேல் நகர்த்தி, ஜாடை வந்து பொருந்தும் இடத்தைக் கண்டபின் அழியுங்கள். ஒரே முறை அழிக்கலாம். அதே இடத்தை நான்காம் முறை அழித்தால் தாள் தாங்காது.

### தலையின் சாய்வு

இரு கண்களின் மையத்தையும் இணைத்து ஒரு கோடும், உதட்டோரங்களை இணைத்து ஒரு கோடும் ட்ரேசிங் தாளில் போடுங்கள். நேராகப் பார்க்கும் முகத்தில், தலை எவ்வளவு சாய்ந்திருந்தாலும், இரண்டும் ஏறத்தாழ இணையாகவே செல்லும். படத்தில் அவை ஒரு பக்கம் நெருங்கினால், தலையைச் சாய்த்துவிட்டு உறுப்புகளில் ஒன்றை நேராக நிறுத்திவிட்டீர்கள். மாதிரியிலேயே கோடுகள் நெருங்கினால் அது முகத்தின் இயல்பு அல்லது சிரிப்பின் கோணல். அதைத் திருத்தக் கூடாது, அதுவும் ஜாடைதான்.

### கடைசியில்: புகைப்படமே பொய் சொல்லியிருக்கலாம்

கையை நீட்டி எடுத்த கைப்பேசிப் படத்தில் மூக்கு பருத்தும் காதுகள் சிறுத்தும் பின்வாங்கியும் தெரியும். லென்ஸுக்கும் முகத்துக்கும் உள்ள தூரம் குறைவாக இருப்பதே இதற்குக் காரணம். புகைப்படமாகப் பார்க்கும்போது இதை மன்னித்துவிடும் கண், பென்சில் படமாகப் பார்க்கும்போது மன்னிப்பதில்லை. ஒன்றரை மீட்டருக்குக் குறையாமல் தள்ளி நின்று, ஜூம் செய்து எடுத்த வேறு படம் கிடைக்குமா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால், அந்த ஒரு படத்தை வைத்து ஜாடை வரவழைப்பது அனுபவமுள்ளவருக்கும் கடினம்.

யாரிடம் காட்டுவது: வீட்டார் “வாயில் ஏதோ தப்பு” என்று சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அது அறிகுறிதான், காரணம் அல்ல. இந்தச் சோதனைகளைச் செய்தபின்னும் தொடர்ந்து மூன்று படங்களில் ஜாடை தவறினால், உயிருள்ள முகத்தைப் பார்த்து வரையக் கற்றுத்தரும் ஆசிரியரிடம் செல்லுங்கள். மூன்று படங்களையும் அவற்றின் மாதிரிகளையும் சேர்த்தே கொண்டுசெல்லுங்கள். ஒரு படத்தில் உள்ளது தவறு; மூன்றிலும் ஒரே இடத்தில் வந்தால் அது கையின் பழக்கம், அதைப் பக்கத்திலிருந்து பார்ப்பவரால்தான் பிடிக்க முடியும்.

## படம் முழுவதும் சாம்பல் பூத்தாற்போல் தட்டையாக இருக்கிறது

கண்களைச் சுருக்கிக்கொண்டு மாதிரியையும் படத்தையும் மாறி மாறிப் பாருங்கள். இரண்டையும் கைப்பேசியில் கருப்பு வெள்ளையாக எடுத்து, கட்டைவிரல் அளவுக்குச் சிறிதாக்கிப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். மாதிரியில் கன்னத்தின் நிழல் ஒரே இருள் திட்டாக நிற்க, உங்கள் படத்தில் அது வெளிச்சப் பகுதியோடு கரைந்துவிட்டால், உங்களிடம் அடர்ந்த கருமை இல்லை.

இதற்கு எளிய காரணம் அச்சம். சுற்றிலும் வெள்ளைத் தாள் இருக்கும்போது ஓர் இடைநிழல்கூட மிகக் கறுத்துத் தெரிவதால் கை அங்கேயே நின்றுவிடுகிறது. வேலையின் தொடக்கத்திலேயே கண்ணின் பாவை, நாசித்துளை, உதட்டோரம், காதுக்குப் பின்னால் முடியின் அடி நிழல் ஆகிய நான்கு இடங்களில் 4B பென்சிலால் (B எண் கூடக் கூடப் பென்சில் மென்மையாகவும் கருமையாகவும், H எண் கூடக் கூடக் கடினமாகவும் வெளிறியும் இருக்கும்) அடர்ந்த கருமையை வைத்துவிடுங்கள். மற்ற நிழல்களை அவற்றோடு ஒப்பிட்டு இடும்போது கைக்குத் துணிவு வரும். மாதிரியில் பின்னணி இருளாக இருந்தால் அதையும் முகத்துக்கு முன்பே ஓரளவு நிரப்பிக்கொள்வது நல்லது.

அடுத்த காரணம் ஒரே பென்சில். HB மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு அழுத்தினாலும் 4B தரும் கருமை வராது. அழுத்தத்தால் தாள்தான் பள்ளமாகும். 2H, HB, 2B, 4B, 6B ஆகிய ஐந்தும் இருந்தால் உருவப்படத்துக்குப் போதும்.

6B இருந்தும் கருமை ஏறாமல் பென்சில் வழுக்கினால், அடியில் உள்ள கடினமான பென்சில் அடுக்கு தாளின் சொரசொரப்பை அடைத்துவிட்டது. பிசைந்த ரப்பரை அந்த இடத்தில் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்துவிட்டு, 2B, 4B, 6B என்று படிப்படியாக ஏறுங்கள். அப்போதும் பிடிக்காவிட்டால், ஃபிக்ஸேட்டிவில் (படம் கலையாமல் பிடித்துவைக்கும் தெளிப்பானில்) மேலும் வரைய இடம்தரும் வகையை அந்த இடத்தில் மட்டும் மெல்லியதாகத் தெளித்துக் காயவிட்டால் சிறிது பிடிப்புத் திரும்பும். ஆனால் அதன்பின் அங்கே அழிப்பது கடினம் என்பதை மறக்க வேண்டாம்.

கருமை போதுமான அளவு இருந்தும் படம் தட்டையாக இருந்தால் வெள்ளையைப் பாருங்கள். கண்ணின் வெண்படலம், பற்கள், நெற்றி, கன்னம் எல்லாவற்றையும் வெறும் தாளாக விட்டிருந்தால் எதுவும் ஒளிராது. தாளின் தூய வெண்மையைக் கண்ணில் மின்னும் புள்ளிக்கும், மூக்கின் நுனிக்கும், கீழுதட்டின் ஈரத்துக்கும் மட்டும் ஒதுக்கிவிட்டு மற்ற இடங்களில் 2H பென்சிலால் ஒரு மெல்லிய படலமாவது இடுங்கள்.

மாதிரி நேர் எதிரே ஃபிளாஷ் அடித்து எடுக்கப்பட்டதாக இருந்தால் நிழலே இருக்காது. இல்லாத நிழலைக் கற்பனையில் சேர்ப்பதைவிட, பக்கவாட்டில் சன்னல் வெளிச்சம் விழும் வேறு படத்தைத் தேடுவது மேல்.

## கன்னம் அழுக்காகவும் திட்டுத்திட்டாகவும் தெரிகிறது

தாளை மேசை விளக்குக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். திட்டுகளின் வடிவமே காரணத்தைச் சொல்லிவிடும்.

நீள்வட்டமாக, சில வேளைகளில் விரல் ரேகையோடு தெரியும் கருந்திட்டு, தோலின் எண்ணெயால் வந்தது. வெறும் தாளைத் தொட்டபோது அது கண்ணுக்குத் தெரிவதில்லை. கிராஃபைட் அதன்மேல் படிந்தபின் புகைப்படம் கழுவியதுபோல ரேகை மெல்ல எழுந்து வருகிறது. நெற்றியின் நடுவில் ஒரு கட்டைவிரல் ரேகை முழுமையாக எழுந்து வந்த தாளைப் பார்த்திருக்கிறேன். வரையத் தொடங்கும் முன்பு தாளைப் பலகையில் பொருத்தும்போது பட்ட விரல் அது. இதை முழுமையாக நீக்க முடியாது. பிசைந்த ரப்பரால் ஒற்றிக் கருமையைக் குறைத்து, சுற்றுப்புறத்தை அதன் அளவுக்கு உயர்த்திக்கொள்வதே வழி. வருமுன் காப்பது எளிது: கைக்கடியில் எப்போதும் ஒரு தூய தாள், விரலால் தேய்ப்பதே கிடையாது என்ற இரண்டு விதிகள் போதும்.

சிறுசிறு கரும்புள்ளிகளானால் ரப்பர் துகள்கள் தாளில் தேய்ந்திருக்கும், அல்லது பென்சிலின் தூள் விழுந்திருக்கும். துகளைக் கையால் தட்டாமல் மென்மையான தூரிகையால் ஒதுக்குங்கள். ஏற்கெனவே விழுந்த புள்ளியை, பிசைந்த ரப்பரை ஊசிபோல முனையாக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக ஒற்றி எடுக்கலாம். அதன் பக்கத்திலுள்ள வெள்ளைக் குழியை மிகக் கூர்மையான 2H பென்சிலால் புள்ளி புள்ளியாக நிரப்பலாம். ஒரு கன்னத்துக்கு அரை மணி நேரம் ஆகும். ஆனால் தோல் தோலாகத் தெரிவது இந்த வேலையால்தான்.

சீரான மணல் போன்ற சொரசொரப்பு முகம் முழுவதும் இருந்தால் தாள் பொருந்தவில்லை. சொரசொரப்பான நீர்வண்ணத் தாளில் வழவழப்பான தோல் வராது. அச்சிடும் மெல்லிய தாளோ இரண்டு அடுக்குக்கு மேல் தாங்காது. 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) அல்லது அதற்கு மேற்பட்ட, வழவழப்பான பிரிஸ்டல் எனப்படும் கெட்டித் தாளோ, ஹாட் பிரஸ் எனப்படும் வழவழப்பான வகை நீர்வண்ணத் தாளோ வாங்குங்கள். இருக்கும் படத்தில், பென்சிலைச் சிறுசிறு வட்டங்களாகச் சுழற்றி, அழுத்தாமல், முதலில் 2H, பிறகு HB, பிறகு தேவையான இடத்தில் மட்டும் 2B என்று அடுக்கினால் மணல் ஓரளவு அடங்கும்.

அழித்த இடம் மட்டும் கறுக்கிறது என்றால் நார் எழும்பிவிட்டது. ஒரு தூய தாளை அதன்மேல் வைத்துக் கரண்டியின் முதுகால் மெல்ல அழுத்தித் தேய்த்தால் நார் படியும். பிறகு அங்கே 2H தவிர வேறு பென்சிலைக் கொண்டுசெல்லாதீர்கள்.

## தோல் பலூன்போல, பொம்மைபோல இருக்கிறது

மேலே சொன்னதற்கு நேர்மாறான குறை இது. காகிதக்குச்சியால் (நிழலைத் தேய்த்துப் பரப்ப உதவும், இறுகச் சுருட்டிய காகிதத்தால்) எல்லா இடங்களையும் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டதால் வருகிறது. தேய்ப்பதை நிறுத்துங்கள், தேய்த்த பரப்பின்மேல் கூர்மையான HB பென்சிலால் மிக மெல்லிய சிறு வட்டங்களும், பிசைந்த ரப்பரின் முனையால் சிறு வெளிச்சப் புள்ளிகளும் மாற்றி மாற்றி இட்டால் தோலின் துளைகள் திரும்பி வரும்.

அதனால் தீராவிட்டால் ஓரங்களைப் பாருங்கள். மூக்கின் இரு பக்கமும், தாடையும், கன்னமும் ஒரே அளவு கூர்மையான கோட்டால் சூழப்பட்டிருந்தால் உள்ளே எவ்வளவு நுணுக்கமாக நிழலிட்டாலும் முகம் வெட்டி ஒட்டியதுபோலத்தான் இருக்கும். மூக்குக்குக் கோடு கிடையாது. வெளிச்சப் பக்கத்தில் அது கன்னத்தோடு கரைகிறது, நிழல் பக்கத்தில் மட்டும் ஓரம் தெரிகிறது. ஒவ்வோர் ஓரத்துக்கும் இது கூர்மையா, மென்மையா, கரைந்ததா என்று மாதிரியைப் பார்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

## கண்கள் உயிரில்லாமல் இருக்கின்றன

இரு கண்களும் வெவ்வேறு திசையில் பார்த்தால்: கருவிழிக்கு இடப்புறமும் வலப்புறமும் தெரியும் வெண்மையை இரு கண்களிலும் அளந்து மாதிரியோடு ஒப்பிடுங்கள். அரை மில்லிமீட்டர் போதும், பார்வை விலகிவிடும்.

திடுக்கிட்டு விழிப்பதுபோல இருந்தால்: கருவிழியை முழு வட்டமாகக் காட்டிவிட்டீர்கள். இயல்பாகப் பார்க்கும் கண்ணில் மேலிமை கருவிழியின் மேற்பகுதியைச் சிறிது மூடியிருக்கும்.

கண் குழியில் ஒட்டிய வில்லைபோல இருந்தால்: மேலிமையின் நிழல் விழிமேல் விழவில்லை. வெண்படலத்தின் மேல் விளிம்பிலும் கருவிழியின் மேற்பாதியிலும் அந்த நிழலை இடுங்கள். வெண்படலத்தின் இரு ஓரங்களையும் சற்றே இருளாக்கினால் அது உருண்டையாகும். கீழிமைக்குத் தடிமன் உண்டு என்பதையும் பலர் விட்டுவிடுகிறார்கள். விழிக்கும் இமை மயிருக்கும் நடுவில் ஒரு மெல்லிய ஈரமான விளிம்பு வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதை வெள்ளையாக விட்ட கணத்தில் கண் ஈரமாகிவிடுவதை நீங்களே பார்க்கலாம்.

மின்னும் புள்ளி: அது பாவையின் நடுவில் இருக்கக் கூடாது, வெளிச்சம் வரும் பக்கத்தில், இரு கண்களிலும் ஒரே இடத்தில், பாவையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். இதைத் தாளின் வெண்மையாகவே முன்கூட்டி விட்டுவிடுவது நல்லது. விடாமல் நிரப்பிவிட்டால் 2.3 மில்லிமீட்டர் முனையுள்ள பேனா வடிவ ரப்பரால் எடுக்கலாம். அதுவும் எடுக்காவிட்டால் வெள்ளை ஜெல் பேனாவால் ஒரே ஒரு புள்ளி வைக்கலாம். நான் அதைக் கடைசி வழியாகத்தான் ஏற்கிறேன், ஏனெனில் அந்த வெள்ளை தாளின் வெள்ளையோடு ஒருபோதும் ஒத்துப்போவதில்லை.

இமை மயிர் சீப்புப்பல்போல இருந்தால்: அது விழியிலிருந்து அல்ல, இமையின் வெளி விளிம்பிலிருந்து தொடங்குகிறது. வேரில் அழுத்தி, வளைத்து, நுனியில் பென்சிலைத் தூக்கிவிடுங்கள். இரண்டு மூன்றாகச் சேர்ந்து குவிந்தும், இடையில் சில விட்டுப்போயும் இருக்கட்டும்.

## சிரிப்பு கோரமாகத் தெரிகிறது

பல்லுக்குப் பல் கோடு போட்டுவிட்டீர்கள். அந்தக் கோடுகளை எல்லாம் ஒற்றி எடுத்துவிட்டு, ஈறு இரு பற்களுக்கு நடுவே இறங்கும் சிறு முக்கோணத்தையும் பற்களின் கீழ் விளிம்புகளுக்கு இடையே உள்ள சிறு இருளையும் மட்டும் விடுங்கள். கடைவாய்ப் பக்கம் போகப் போகப் பற்களை நிழலுக்குள் தள்ளுங்கள். பெரும்பாலும் இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

## குழந்தையை வரைந்தால் வயதானவர்போல வருகிறது

மூக்கின் பக்கத்திலிருந்து உதட்டோரத்துக்கு இறங்கும் மடிப்பையும் கண்ணுக்குக் கீழுள்ள மடிப்பையும் கோடாகப் போட்டிருப்பீர்கள். அவை கோடுகள் அல்ல, நிழல் மாறும் இடங்கள். பாதியாக வெளிறச் செய்து பாருங்கள். தீராவிட்டால் அளவுகளைப் பாருங்கள்: குழந்தையின் கண்கள் தலையின் நடுக்கோட்டுக்குக் கீழே இருக்கும், நெற்றி பெரிதாகவும் மூக்கும் தாடையும் சிறியனவாகவும் இருக்கும். பெரியவரின் கணக்கில் வரைந்திருந்தால் நிழலைக் குறைப்பதால் பயனில்லை, புதிதாகத் தொடங்க வேண்டியதுதான்.

## முடி கம்பிபோலவோ தொப்பிபோலவோ இருக்கிறது

கம்பிபோல இருந்தால், ஒவ்வொரு மயிராக வரையத் தொடங்கிவிட்டீர்கள். கண்ணைச் சுருக்கினால் முடி ஆறேழு பட்டைகளாகத்தான் தெரியும். முதலில் அந்தப் பட்டைகளின் இருளையும் வெளிச்சத்தையும் இடுங்கள். மயிரிழைகளைக் கடைசியில், பட்டைகளின் ஓரங்களிலும் வெளிச்சம் இருளாக மாறும் இடங்களிலும் மட்டும் சேருங்கள். இருளின் பக்கத்திலிருந்து தொடங்கி வெளிச்சத்தை நோக்கி இழுத்து, நடுவில் பென்சிலைத் தூக்கிவிட்டு, மறுபக்கத்திலிருந்தும் அவ்வாறே இழுத்தால் பளபளப்பு தானே உண்டாகும்.

தொப்பிபோல இருந்தால் குறை முடியில் இல்லை, நெற்றியில் இருக்கிறது. முடி தொடங்கும் இடத்தில் நேர்கோடு போட்டிருப்பீர்கள். அந்தக் கோட்டைக் கரைத்து, தோலின் நிழலை முடிக்குள் அரை சென்டிமீட்டர் கொண்டுசென்று, சில மெல்லிய இழைகளை நெற்றிமேல் இறக்கிவிடுங்கள்.

நரைமுடிதான் எல்லாரையும் திணற வைக்கிறது. இருளுக்குள் ஓடும் ஒற்றை வெள்ளை இழையை ரப்பரால் எடுக்க முயன்றால் அது பட்டையாகத்தான் வரும். நிழலிடும் முன்பே, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் இழை செல்லும் வழியில் தாளை அழுத்திக் கீறிவிட வேண்டும். பிறகு 2B பென்சிலைப் படுக்கவைத்து அதன்மேல் தேய்க்கும்போது பென்சில் பள்ளத்துக்குள் இறங்காமல் தாண்டிச் செல்லும். கறுத்துவரும் பரப்பின் நடுவே அந்த வெள்ளை இழை மட்டும் தலைகாட்டி நிற்கும். கீறலைத் திருப்பி எடுக்க முடியாது என்பதால், அதே தாளின் துண்டில் பழகிவிட்டு வாருங்கள்.

## முகத்தை உடை விழுங்குகிறது

உடையின் நெசவையும் பொத்தானையும் முகத்துக்கு இணையான நுணுக்கத்தோடு முடித்திருப்பீர்கள். 1806 முதல் 1820 வரை ரோமில் வாழ்ந்த பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர அங்கே வரைந்த பென்சில் உருவப்படங்களைப் பாருங்கள்: முகம் முழுமையாக நிழலிடப்பட்டிருக்கும், உடை சில கோடுகளோடு நின்றுவிடும். பிசைந்த ரப்பரை உருளையாக்கித் தோளுக்குக் கீழே உருட்டி வெளிறச் செய்தால், முடிந்த படத்தையும் காப்பாற்றலாம்.

## கருமையான இடங்கள் பளபளக்கின்றன

சன்னலருகே படத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒரு கோணத்தில் கறுப்பாக இருந்த முடி இன்னொரு கோணத்தில் வெள்ளிபோல மின்னினால் அது கிராஃபைட்டின் இயல்பு. அழுத்தத்தால் அதன் செதில்கள் ஒரே பக்கமாகப் படிந்து வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகின்றன.

புகைப்படத்தில் மட்டும் மின்னுகிறதா? படத்தில் கைவைக்க வேண்டாம். ஃபிளாஷை நிறுத்தி, இரு பக்கமும் 45 பாகைக் கோணத்தில் வெளிச்சம் விழும்படி வைத்து, கேமராவை நேர் எதிரே பிடித்து எடுங்கள். விற்பனைக்கோ அச்சுக்கோ தேவைப்பட்டால், ஓவியங்களைப் படமெடுக்கும் தொழில்முறைக் கலைஞரிடம் கொடுத்துவிடுங்கள். விளக்குகளுக்கும் லென்ஸுக்கும் போலரைசிங் வடிகட்டி பொருத்தி அவர் எடுக்கும் படத்தில் மினுக்கம் பெரிதும் அடங்கும்.

நேரில் பார்க்கும்போதும் மின்னினால், அழுத்தி இட்ட ஒரே அடுக்கே காரணம். ஒற்றி எடுத்துவிட்டு, அழுத்தமின்றிப் பல அடுக்குகளாகத் திரும்ப இடுங்கள். மினுக்கமற்ற ஃபிக்ஸேட்டிவ் சற்றுக் குறைக்கும். இதற்கென்றே செய்யப்படும் பென்சில்கள் உண்டு: ஸ்டெட்லரின் மார்ஸ் லூமோகிராஃப் பிளாக், ஃபேபர் காஸ்டெலின் பிட் கிராஃபைட் மேட் ஆகியவை சாதாரண கிராஃபைட்டைவிட மிகக் குறைவாகவே மின்னும். ஆனால் அவற்றையோ கரிப் பென்சிலையோ, ஏற்கெனவே வழவழப்பாகிவிட்ட கிராஃபைட்டின்மேல் இட்டால் பிடிக்காது. ஆகவே அடர்ந்த கருமை தேவைப்படும் இடங்களை வெறும் தாளாகவே விட்டுவைத்து நேரடியாக அவற்றால் தொடங்க வேண்டும்.

## பென்சில் முனை ஓயாமல் உடைகிறது

ஷார்ப்னரின் பிளேடு மழுங்கியிருக்கலாம், மாற்றிப் பாருங்கள். கத்தியால் சீவியும் உள்ளே துண்டு துண்டாக வந்தால், அந்தப் பென்சில் எப்போதோ கீழே விழுந்து உள்ளுக்குள் நொறுங்கியிருக்கிறது. அதற்கு மருந்தில்லை. முனை உடையாமல், உங்கள் மணிக்கட்டு வலித்தால், பென்சிலை முனையருகே இறுகப் பிடிப்பதை விட்டு, பின்னால் தளர்வாகப் பிடித்து வரையுங்கள். ஓய்வுக்குப் பின்னும் வலி தொடர்ந்தாலோ விரல் மரத்துப்போனாலோ மருத்துவரிடம் செல்லுங்கள்.

## முடித்த படம் கலைகிறது, கறைபடுகிறது

வரையும்போதே கலைந்தால், வலக்கையர் இடப்பக்க மேல்மூலையிலிருந்தும் இடக்கையர் வலப்பக்க மேல்மூலையிலிருந்தும் தொடங்கி இறங்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

முடித்தபின் கலைந்தால் ஃபிக்ஸேட்டிவ் தேவை. திறந்த வெளியில் அல்லது சன்னல்கள் திறந்த அறையில், படத்தை நிமிர்த்தி வைத்து, ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தள்ளி, தாளுக்கு வெளியிலேயே தெளிக்கத் தொடங்கிக் குறுக்காக நகர்த்துங்கள். மெல்லிய இரண்டு மூன்று பூச்சுகள், இடையில் முழுமையான உலர்வு. தாளுக்கு நேராகத் தொடங்கினால் முதல் துளி கன்னத்தின்மேல் கறையாக விழும். நானே ஒரு படத்தை அப்படி இழந்திருக்கிறேன். புதிய டப்பாவை எப்போதும் ஒரு துண்டுத் தாளில் சோதித்துப் பாருங்கள்.

சட்டமிட்டபின் கண்ணாடியில் கிராஃபைட் ஒட்டினால் படம் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. சட்டம் போடுபவரிடம், அமிலமற்ற மவுண்ட் அட்டையை (படத்தைச் சுற்றி வைக்கும், நடுவில் வெட்டிய அட்டையை) நடுவில் வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள்.

பழைய படத்தில் பழுப்புப் புள்ளிகளோ பூஞ்சையோ நீர்க்கறையோ கண்டால் ரப்பரோ ஈரத்துணியோ அதன் பக்கம் போகக் கூடாது, ஃபிக்ஸேட்டிவும் கூடாது. சட்டத்திலிருந்து எடுக்கும்போது தாள் அட்டையோடு ஒட்டியிருந்தால் இழுக்காமல் அப்படியே நிறுத்திவிடுங்கள். அதைக் கிடையாக வைத்து, முகப்பில் எதுவும் உரசாதபடி மூடி, தாளில் வரைந்த படைப்புகளைப் பாதுகாக்கப் பயிற்சி பெற்ற நிபுணரிடம் கொண்டுசெல்லுங்கள்.